ஹீட் எம்பாஸிங் புதுசா கத்துக்கறவங்க எதுக்கு காசு செலவு பண்ணலாம், எதுக்கு வேண்டாம்: நான் வாங்கினதோட ரிவ்யூ

கல்யாணப் பத்திரிகை சிலதுல பொண்ணு மாப்பிள்ளை பேரைத் தடவிப் பாத்தா எழுத்து மேடா எழும்பி வழவழன்னு விரல்ல தட்டுப்படும், பாத்திருப்பீங்க. பிரஸ்காரங்க அதை தெர்மோகிராஃபின்னு சொல்லுவாங்க, ஈரமா இருக்கற மை மேல ரெசின் பவுடரைத் தூவி, ஒட்டாததை உறிஞ்சி எடுத்துட்டு, பேப்பரை சூடான மெஷினுக்குள்ள ஓட விட்டா பவுடர் உருகி அப்படியே இறுகிடும். கிராஃப்ட் பண்றவங்க ஹீட் எம்பாஸிங்னு சொல்றது இதே வேலைதான், பெரிய மெஷினுக்குப் பதிலா கைல பிடிக்கற ஒரு சின்ன ஹீட் கன், ஒரு ஸ்டாம்ப், ஒரு இங்க் பேட், ஒரு டப்பா பவுடர், அவ்ளோதான். சொரசொரன்னு மண்ணு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கற பவுடர் சூடு பட்டதும் உருகி தங்கமா பளிச்னு மாறுற அந்த ரெண்டு மூணு செகண்ட் இருக்கே, அதுக்காகவே இதை ஆரம்பிக்கலாம், மனசாரச் சொல்றேன்.

நான் சென்னைல இருக்கேன், கொஞ்ச மாசமா இதைக் கத்துக்கிட்டு வரேன், அதனால பெரிய எக்ஸ்பர்ட் ரிவ்யூ எதிர்பாக்காதீங்க, ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு என்னென்ன வேணும், எது இல்லாமலே சமாளிக்கலாம்னு இப்ப நல்லாவே தெரியுது. முதல்லயே என் தீர்ப்பைச் சொல்லிடறேன். காசை இங்க் பேட்லயும் ஹீட் கன்லயும் போடுங்க, ஸ்டாம்ப்ல மிச்சம் பிடிங்க. கடைல போனா எல்லாரும் நமக்கு ஸ்டாம்பைத்தான் காட்டுவாங்க, அழகழகா பூ, பட்டாம்பூச்சி, இங்கிலீஷ்ல பர்த்டே வாழ்த்துன்னு, நம்ம கையும் அதுக்குத்தான் போகும், ஆனா ரிசல்ட்டை முடிவு பண்றது ஸ்டாம்ப் கிடையாது.

பிகினர் கிட்டுன்னு ஆன்லைன்ல விக்கறாங்க பாருங்க, அதுல ஒண்ணு வாங்கினேன். கம்பெனி பேர் சொல்லல, இதே டப்பா நாலஞ்சு பேர்ல கிடைக்குது. உள்ள ஒரு கிளியர் ஸ்டாம்ப் ஷீட், ஒரு சின்ன கறுப்பு இங்க் பேட், ரெண்டு பாக்கெட் பவுடர், ஸ்டாம்பை ஒட்டி அடிக்கறதுக்கு ஒரு அக்ரிலிக் பிளாக். பாக்க கொள்ளை அழகு. பிரச்சினை என்னன்னா அந்த கறுப்பு இங்க் டை இங்க், அதாவது நம்ம ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் மாதிரி பேப்பர்ல பட்டதும் உள்ள இறங்கி காஞ்சிடும், நீங்க டப்பா மூடியைத் திறந்து பவுடரைக் கொட்டறதுக்குள்ள ஈரம் போயிடும், அப்புறம் பவுடர் எதைப் பிடிச்சு ஒட்டும்? பாதி எழுத்துல ஒட்டும், பாதில ஒட்டாது. எம்பாஸிங் கிட்டுன்னு பேர் போட்டு வித்துட்டு எம்பாஸிங்குக்கு ஆகாத மையை உள்ள வைக்கறது ரொம்ப தப்புங்க, புதுசா வாங்கறவங்க தன் கைதான் சரியில்லன்னு நினைச்சு விட்டுட்டுப் போயிடுவாங்க, எனக்கு அதுதான் கோவம். கிட்டு வாங்கறதா இருந்தா இங்க் பிக்மென்ட் இங்கா, அதாவது மெதுவா காயற கலர் மையா, இல்ல எம்பாஸிங் இங்கான்னு கேட்டுட்டு வாங்குங்க, பதில் சொல்லத் தெரியலன்னா அந்தக் கிட்டு வேண்டாம்.

இங்க் பேடுக்கு வரேன். நான் வாங்கினது ஜப்பான்ல சுகினேகோன்னு ஒரு கம்பெனி பண்ற வெர்சாமார்க். இதுல கலரே கிடையாது, லேசா பிசுபிசுன்னு இருக்கற தெளிவான மை, பேப்பர்ல அடிச்சா அந்தப் பேப்பரோட கலரே ஒரு ஷேட் டார்க்கா தெரியும், அதனால இதை வாட்டர்மார்க் பேடுன்னும் சொல்லுவாங்க, கலர் கார்டுல பவுடரே இல்லாம சும்மா அடிச்சாலும் அழகா இருக்கும். முக்கியமான விஷயம் இது சீக்கிரம் காயாது, நிதானமா ஸ்டாம்பை எடுத்து வச்சிட்டு, பவுடரைத் தூவி, தட்டிக் கொட்டறவரைக்கும் ஈரமாவே இருக்கும். விலை கிட்டுல வர்ற பேடை விட நிறைய அதிகம், உண்மைதான், ஆனா ஒரு பேடு ரொம்ப நாள் வரும், காஞ்சு போனா ஊத்திக்கறதுக்கு ரீஃபில் பாட்டில் தனியா கிடைக்குது. முழு சைஸ் வேண்டாம்னா ஒரு இஞ்ச் சைஸ்ல குட்டி பேடும் இருக்கு, அதை விரல்ல பிடிச்சு எவ்ளோ பெரிய ஸ்டாம்ப் மேலயும் தட்டித் தட்டி மை ஏத்திடலாம். ஆமா, இது நிறைய பேருக்குத் தெரியாது, பேட் மேல ஸ்டாம்பைக் குத்தறதை விட, ஸ்டாம்பைத் திருப்பி வச்சுக்கிட்டு அதுமேல பேடைத் தட்டறதுதான் நல்லது, எங்க மை படல, எங்க அதிகமாச்சுன்னு கண்ணுக்குத் தெரியும். இதே மை பேனாவாவும் வருது, வெர்சாமார்க்கர்னு பேரு, ரெண்டு பக்கமும் முனை, கையெழுத்து நல்லா இருக்கறவங்க ஸ்டாம்பே இல்லாம எழுதி அதுமேல பவுடர் போட்டு உருக்கலாம். ரேஞ்சர் கம்பெனியோட எம்பாஸிங் பேடுகளும் இதே வேலையைச் செய்யும், எது கிடைக்குதோ அது. இதுக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன்.

அடுத்தது ஹீட் கன். இங்கதான் நிறைய பேர் கேக்கற கேள்வி, வீட்ல இருக்கற ஹேர் ட்ரையர் போதாதான்னு. போதாதுங்க. பவுடர் உருகறதுக்கு சுமார் 150லேர்ந்து 180 டிகிரி செல்சியஸ் சூடு வேணும், தலை காய வைக்கற மெஷின் அவ்ளோ சூட்டைக் குடுத்தா தலை என்னத்துக்கு ஆகும், அதனால அதுல அந்த சூடு வராது, அதுக்கு மேல காத்தோட வேகம் வேற அதிகம், உருகறதுக்கு முன்னாடியே பவுடரை ஊதித் தள்ளிடும். சரி அப்போ ஹார்ட்வேர் கடைல பெயின்ட் உரிக்கறதுக்கு விக்கற பெரிய ஹாட் ஏர் கன் வாங்கலாமான்னா அதுவும் வேண்டாம், அது 1500, 2000 வாட்ஸ்ல வரும், கொஞ்சம் அசந்தா கார்டு கருகிடும். கிராஃப்டுக்குன்னே விக்கற குட்டி கன், 300 வாட்ஸ் பக்கம், டார்ச் லைட் சைஸ்ல கைக்கு அடக்கமா இருக்கும், காத்து மெதுவா வரும், அதுதான் வேணும். பிராண்டு பெருசா முக்கியம் இல்ல, சாதாரண 300 வாட்ஸ் கன்தான் நான் வச்சிருக்கறது, 1000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது, நல்லாவே வேலை செய்யுது, ஒயர் மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமா குடுத்திருக்கலாம், பிளக் பாயின்ட் பக்கத்துலயே உக்கார வேண்டியிருக்கு.

இதுல ஒரு எச்சரிக்கை. அமெரிக்கால இருக்கற அக்கா, மாமாகிட்ட சொல்லி அங்கேர்ந்து ஹீட் டூல் வாங்கிட்டு வரச் சொல்ற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட உண்டு. அங்க 120 வோல்ட், இங்க 230 வோல்ட், வெறும் பின் மாத்தற அடாப்டர் போட்டு சொருகினா மெஷின் போச்சு, சில சமயம் அதோட நிக்காது. பேடு, பவுடர், ஸ்டாம்ப் எல்லாம் அங்கேர்ந்து தாராளமா வரட்டும், கரன்ட்ல ஓடறதை இங்கயே வாங்குங்க.

கன்னைப் பிடிக்கற விதம் ரொம்ப முக்கியம், சொல்லிடறேன். ஆன் பண்ணதும் உடனே பேப்பர் மேல காட்டக் கூடாது, பத்து பதினஞ்சு செகண்ட் காலியா ஓட விட்டு நல்லா சூடேத்திக்கணும், அப்புறம்தான் கார்டு பக்கம் கொண்டு போகணும். ஏன்னா அரைகுறை சூட்டுல ரொம்ப நேரம் காட்டினா பவுடர் உருகறதுக்கு முன்னாடி பேப்பர் காஞ்சு வளைஞ்சுக்கும். ரெண்டு மூணு இஞ்ச் தள்ளிப் பிடிச்சு, ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு, பளபளப்பு வந்ததும் அடுத்த இடத்துக்கு நகரணும், அதே இடத்துல நிக்கக் கூடாது. கொஞ்சம் சாச்சுப் பிடிச்சு லைட் வெளிச்சம் படற மாதிரி பாத்தா உருகின இடம் மினுக்கும், உருகாத இடம் மங்கலா சொரசொரன்னு இருக்கும், தெளிவா வித்தியாசம் தெரியும். சூடு கம்மியாச்சுன்னா தொட்டா உதிரும், அதிகமாச்சுன்னா பவுடர் பேப்பருக்குள்ளயே இறங்கி மேடு போயி, எண்ணெய் பட்ட கறை மாதிரி தட்டையா ஆயிடும், அந்த மினுமினுப்பும் போயிடும். கம்மியானதை திரும்ப சூடு காட்டி சரி பண்ணலாம், அதிகமானதை ஒண்ணும் பண்ண முடியாது. சிலர் கார்டுக்கு அடிப்பக்கத்துலேர்ந்து சூடு காட்டுவாங்க, மெல்லிசு கோடு இருக்கற டிசைனுக்கு அது நல்லா வேலை செய்யுது, காத்து நேரா பவுடர்ல படாது, ஆனா கார்டைப் பிடிக்கற விரலைப் பாத்துக்கணும், கிளிப் போட்டுப் பிடிச்சுக்கங்க.

பவுடர்ல மூணு விதம். சூப்பர் ஃபைன், டீட்டெயில்னு எழுதியிருக்கறது பொடிப் பொடியா இருக்கும், மெல்லிசான கோடு, சின்ன எழுத்துக்கு அதுதான். ரெகுலர்னு இருக்கறது கொஞ்சம் கொரகொரப்பு, பெரிய பூ, தடியான எழுத்துக்கு நல்லா மேடா வரும். அல்ட்ரா திக்குன்னு ஒண்ணு, கல்லுப்பு மாதிரி பெரிய பெரிய துகள், அது எழுத்துக்கு ஆகாது, ஒரு இடத்தை முழுசா மூடி லேயர் மேல லேயரா உருக்கி கண்ணாடி மாதிரி பண்றதுக்கு, ஆரம்பத்துல தேவையே இல்ல. ரேஞ்சர், இங்கிலாந்துலேர்ந்து வர்ற வாவ், ரெண்டுமே ட்ரை பண்ணேன், ரெண்டும் நல்லா இருக்கு, இந்தியாவுலயே பேக் பண்ணி வர்ற விலை கம்மியான பவுடர்ல தங்கம் ஓகே, வெள்ளை மட்டும் அவ்ளோ அடர்த்தியா வரல, கறுப்புக் கார்டுல அடிச்சா கொஞ்சம் சாம்பல் அடிக்குது. அதனால தங்கம் எதுல வேணா வாங்குங்க, வெள்ளை மட்டும் நல்லதா வாங்குங்க. மூணாவதா கிளியர் பவுடர் ஒண்ணு வாங்கிட்டா போதும், ஏதாவது கலர் பிக்மென்ட் இங்க் அடிச்சு அதுமேல கிளியர் போட்டா அந்தக் கலரே எம்பாஸ் ஆயிடும், ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி பவுடர் தேவைப்படாது. ஒரு டப்பா எவ்ளோ நாள் வருதுன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும், ஒட்டாததை எல்லாம் திரும்ப டப்பாலயே கொட்டிடறோமே, ஒரு கார்டுக்குச் செலவாகறது சிட்டிகை கூட இல்ல. நடுவுல மடிச்ச ஒரு வழுவழு பேப்பரைக் கீழ வச்சுக்கிட்டு வேலை செஞ்சீங்கன்னா அந்த மடிப்பு வழியாவே டப்பாக்குள்ள சரிச்சிடலாம்.

இப்ப ஒண்ணு சொல்றேன், வெளிநாட்டு வீடியோ எதுலயும் இது வராது. ஃபேனை ஆஃப் பண்ணுங்க! சீலிங் ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கறப்போ பவுடர் டப்பாவைத் திறந்தா தங்கம் ரூம் முழுக்க. சென்னை வெயில்ல ஃபேன் இல்லாம உக்காந்து ஹீட் கன் பிடிக்கறது எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல, அதனால நான் காலைல சீக்கிரமா இல்ல ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பண்றது, எல்லா கார்டுக்கும் மொதல்ல பவுடர் தூவி வச்சுட்டு, டப்பாவை இறுக்கி மூடிட்டு, மொத்தமா ஒரே நேரத்துல சூடு காட்டறது. ஆனா பவுடர் தூவின கார்டை எங்கயும் இடிக்காம வைக்கணும்.

வேர்வை இன்னொரு தொல்லை. விரல் ஈரம் கார்டுல பட்ட இடத்துலயெல்லாம் பவுடர் ஒட்டிக்கும், உருக்கினதும் டிசைனைச் சுத்தி புள்ளி புள்ளியா தங்கம் தெரியும், முழு அழகும் கெட்டுடும். இதுக்கு ஆன்டி ஸ்டாட்டிக் பேக்னு ஒரு குட்டி மூட்டை விக்கறாங்க, ஸ்டாம்ப் அடிக்கறதுக்கு முன்னாடி கார்டு மேல லேசா ஒத்தி எடுக்கணும், உள்ள இருக்கறது டால்க் மாதிரியான மாவுதான். அதைத் தனியா வாங்காதீங்க, பழைய காட்டன் துணில கொஞ்சம் டால்கம் பவுடரை வச்சு மூட்டையா கட்டிக்கங்க, அதே வேலை. அதுக்கும் மீறி ஒட்டினதை சூடு காட்டறதுக்கு முன்னாடி காஞ்ச சின்ன பெயின்டிங் பிரஷ்ல தட்டி விட்டுடலாம், சூடு காட்டினதுக்கு அப்புறம் முடியாது.

பேப்பர் விஷயத்துல நம்ம ஊர்க்காரங்களுக்கு அதிர்ஷ்டம்தான். சென்னை பாரிஸ் கார்னர்ல ஆண்டர்சன் தெரு இருக்கே, பத்திரிகைக் கடையும் பேப்பர் கடையுமா, அங்க போனா கார்டு ஷீட் எல்லா கனத்துலயும் கிடைக்கும், கிராஃப்ட் கடைல சின்னப் பாக்கெட்டா வாங்கறதை விட பெரிய ஷீட்டா வாங்கி வெட்டிக்கிட்டா ரொம்பவே லாபம். 250லேர்ந்து 300 ஜிஎஸ்எம் (பேப்பர் கனத்தைச் சொல்ற அளவு) கேளுங்க, ஜெராக்ஸ் பேப்பர் 75 ஜிஎஸ்எம் தான் இருக்கும், அதுல சூடு காட்டினா அப்பளம் பொரியற மாதிரி சுருண்டுடும். மேல் பக்கம் வழவழப்பா, கோட்டிங் இல்லாம இருந்தா நல்லது. பாண்டிச்சேரி ஹேண்ட்மேட் பேப்பர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா அதோட மேடு பள்ளத்துல மெல்லிசு கோடு விட்டு விட்டுத்தான் விழும், தடியான டிசைனுக்கு மட்டும் வச்சுக்கங்க. ட்ரேசிங் பேப்பர்ல தங்க எம்பாஸிங் அவ்ளோ அழகா இருக்கும், ஆனா சூடு பட்டா நெளியும், கன்னைத் தள்ளிப் பிடிச்சு பொறுமையா பண்ணணும். கடைக்காரர்கிட்ட சாம்பிள் துண்டு கேட்டா குடுக்கறாங்க, வீட்ல ட்ரை பண்ணிட்டுப் போயி ஷீட் வாங்கலாம், எனக்குக் குடுத்த அண்ணன் நான் கேக்காமலே கறுப்பு, மெரூன், காக்கி கலர்னு வெட்டிக் குடுத்தார்.

ஸ்டாம்ப். கிளியர் ஸ்டாம்ப், ரப்பர் ஸ்டாம்ப்னு ரெண்டு. கிளியர் ஸ்டாம்ப் கண்ணாடி மாதிரி இருக்கும், அக்ரிலிக் பிளாக்ல ஒட்டி அடிக்கறது, எங்க விழும்னு பாத்து அடிக்கலாம், அதனால புதுசா கத்துக்கறவங்களுக்கு வசதி. இதுலயே ஃபோட்டோபாலிமர்னு வர்றது நல்லா இருக்கும், ரொம்ப விலை கம்மியா ஜெல்லி மாதிரி வழுக்கிக்கிட்டு வர்றது மை பிடிக்கவே பிடிக்காது, திட்டுத் திட்டா நீர்த்துளி மாதிரி நிக்கும். நல்ல ஸ்டாம்பா இருந்தாலும் புதுசுல மேல ஒரு வழவழப்பு இருக்கும், வெள்ளை ரப்பரால, அதாங்க பென்சில் அழிக்கற ரப்பர், லேசா தேச்சு விட்டா மை பிடிக்க ஆரம்பிச்சிடும். அடிக்கறப்போ அடியில ஒரு பழைய மவுஸ் பேட் வச்சுக்கங்க, நேரா கீழ அழுத்தி நேரா மேல எடுக்கணும், ஆட்டக் கூடாது, ஆட்டினா ஓரமெல்லாம் மை படும். சிவப்பு ரப்பர்ல வர்றது விலை அதிகம், கோடு சுத்தமா விழும், பல வருஷம் உழைக்கும். கிளியர் ஸ்டாம்ப் நாளாக நாளாக மஞ்சளாகும், வெயில் படற இடத்துல வைக்காதீங்க, ஆல்கஹால், சால்வென்ட் மாதிரி காட்டமான கிளீனர் போடாதீங்க, சோப்புத் தண்ணி போதும். பிளாக்ல ஒட்டாம வழுக்கினாலும் சோப்புல கழுவிக் காய வச்சா திரும்ப ஒட்டும்.

ஆனா எனக்கு இதுல பெரிய குறை, தமிழ்ல ஸ்டாம்ப் இல்ல. கடைல அலமாரி அலமாரியா இங்கிலீஷ் வாழ்த்து இருக்கு, 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்' எங்க? ஒரு காலத்துல பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வாங்கி எல்லா சொந்தக்காரங்களுக்கும் தபால்ல அனுப்பின ஊர் இது, போஸ்ட்மேன் கட்டுக் கட்டா கொண்டு வருவார். கைல பண்ற கார்டுல தமிழ்ல ஒரு வரி போட ஆசைப்பட்டா நாமளே வழி தேட வேண்டியிருக்கு. வழி இருக்கு, ரொம்பப் பக்கத்துலயே இருக்கு. வக்கீலுக்கும் ஆபீஸுக்கும் சீல் பண்ணித் தர்ற ரப்பர் ஸ்டாம்ப் கடை எல்லா ஊர்லயும் இருக்கே, கோர்ட் பக்கம் போனா வரிசையா இருக்கும், அவங்ககிட்ட குடுத்தா நம்ம டிசைனையே ஸ்டாம்பா பண்ணித் தராங்க. லேசர்ல ரப்பரைச் செதுக்கறாங்க, இல்லன்னா பாலிமர்ல யூவி லைட் காட்டிப் பண்றாங்க, எதுவா இருந்தாலும் பரவாயில்ல. கேக்கறப்போ ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லணும், அழுத்தினா தானாவே மை ஏத்திக்கற செல்ஃப் இங்க் வேண்டாம், உள்ளயே மை இருக்கற ப்ரீ இங்க் ஸ்டாம்பும் வேண்டாம், பேட்ல ஒத்தி அடிக்கற சாதா கைப்பிடி ஸ்டாம்ப்தான் வேணும்னு. இல்லன்னா நம்ம எம்பாஸிங் மையை அதுல ஏத்தவே முடியாது.

டிசைன் குடுக்கறப்போ தமிழ் எழுத்துக்குன்னு சில விஷயம் பாக்கணும், எனக்கு இதுலதான் ரொம்ப நேரம் போச்சு, நல்லா ரசிச்சுப் பண்ணேன். பவுடர் உருகினா கோடு கொஞ்சம் தடிக்கும். நம்ம எழுத்துல சுழி நிறைய, ண, ன, இ, ஞ, அப்புறம் ஐகாரத்துக்கு வர்ற ை, இதெல்லாம் சின்ன சைஸ்ல குடுத்தா சுழிக்குள்ள பவுடர் அடைச்சுக்கிட்டு ண எது ன எதுன்னு தெரியாம ஒரே உருண்டையா ஆயிடும். அதனால கம்ப்யூட்டர்ல எழுத்து சைஸ் 18 பாயின்டுக்குக் குறையாம வச்சுக்கங்க, 24னா இன்னும் பாதுகாப்பு. தடியான போல்டு ஃபான்ட் வேண்டாம், சுழி விரிஞ்சு இருக்கற மெல்லிசு ஃபான்ட் எடுங்க, எம்பாஸ் ஆனதும் அதுவே போல்டு மாதிரி தெரியும். மெய்யெழுத்து மேல வர்ற புள்ளி சில ஃபான்ட்ல குட்டி வட்டமா உள்ள காலியா இருக்கும், சிலதுல நிரப்பின பொட்டா இருக்கும், பொட்டா இருக்கறதை எடுங்க, வட்டம் அடைச்சுக்கும். எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் இடைவெளி கூட்டிக்கங்க. இந்த மாதிரி ஸ்டாம்புக்கு சூப்பர் ஃபைன் பவுடர்தான் போடணும், ரெகுலர் போட்டா அடைக்கும். மெரூன் கார்டுல தங்கத்துல 'பொங்கலோ பொங்கல்'னு எழும்பி நிக்கறதைப் பாத்துட்டு எங்க அத்தை அதைத் தடவிக்கிட்டே, இது எந்தப் பிரஸ்ல குடுத்தேம்மான்னு கேட்டாங்க, அதை விட என்ன ரிவ்யூ வேணும் சொல்லுங்க. சின்ன கோலம் ஒண்ணும் ஸ்டாம்பா பண்ணிக்கிட்டேன், கோலத்துக்கு இந்த வேலைப்பாடு அப்படிப் பொருந்துது, கறுப்புக் கார்டுல வெள்ளைப் பவுடர்.

அப்புறம் ரெசிஸ்ட்டுன்னு ஒரு டெக்னிக், கத்துக்கறவங்க கண்டிப்பா பண்ணிப் பாருங்க. வாட்டர்கலர் பேப்பர்ல வெள்ளை இல்ல கிளியர் பவுடர்ல டிசைனை எம்பாஸ் பண்ணிட்டு, அதுமேல தாராளமா வாட்டர்கலர் அடிங்க, உருகின ரெசின்ல தண்ணி ஒட்டாது, கலர் விலகி ஓடி டிசைன் மட்டும் தனியா பளிச்னு நிக்கும். நான் ஸ்கூல் பசங்க வாங்கற கேமல் கேக் கலர்தான் யூஸ் பண்ணேன், அதுவே போதும். பேப்பர் 300 ஜிஎஸ்எம் வேணும், ஹாட் பிரஸ்னு போட்டிருக்கற வழவழ பேப்பர் கிடைச்சா அதை எடுங்க.

கிளாஸ் போகணுமான்னா, போகலாம், கட்டாயம் இல்ல. நான் ஒரு நாள் ஒர்க்‌ஷாப் போனேன், சொல்லிக் குடுத்த மேடம் ரொம்பப் பொறுமையா கன்னைப் பிடிக்கற தூரத்தை ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக் காட்டினாங்க, அது வீடியோல கிடைக்காது. ஆனா பத்து பேருக்கு ரெண்டே ஹீட் கன் வச்சிருந்தாங்க, பாதி நேரம் வரிசைல நின்னோம், ஃபீஸ் வாங்கறதுக்கு ஏத்த மாதிரி சாமானும் இருக்கணும் இல்லையா. பேர் குடுக்கறதுக்கு முன்னாடி எத்தனை கன் இருக்குன்னு கேட்டுக்கங்க.

வீட்ல குழந்தைங்க இருந்தா கவனம். கன்னை ஆஃப் பண்ணதுக்கு அப்புறமும் அந்த இரும்பு மூக்கு ரொம்ப நேரம் சுடும், ஸ்டாண்ட்ல நிமித்தி வைங்க. பிளாஸ்டிக் டேபிள், கண்ணாடி டேபிள் மேல பண்ணாதீங்க, வீட்டுக்குத் தரை போட்டப்போ மிஞ்சின டைல்ஸ் ஒண்ணு பரண்ல கிடக்கும் பாருங்க, அதை எடுத்துப் போட்டுக்கங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, உருகறப்போ லேசா ஒரு வாடை வரும். சூடு காட்டினதும் உடனே தொடாதீங்க, சில செகண்ட்ல ஆறிடும், அதுக்குள்ள தொட்டா விரல் ரேகை பதிஞ்சிடும். வெர்சாமார்க் அடிச்ச ஸ்டாம்பை உடனே ஈரத்துணியால துடைச்சிடுங்க, அந்தப் பிசுக்கோட வேற கலர் பேட்ல கொண்டு போயி வைக்காதீங்க.

இப்ப ஆசையா பாத்துக்கிட்டு இருக்கறது ஸ்டாம்ப் பிளாட்ஃபார்ம். அமெரிக்கால மை ஸ்வீட் பெட்டூனியான்னு ஒரு கம்பெனி மிஸ்டின்னு ஒண்ணு பண்றாங்க, மூடி உள்ள பெட்டி மாதிரி, மூடில ஸ்டாம்பை ஒட்டி, அடியில கார்டை காந்தம் வச்சு நிறுத்தி, மூடினா அடிச்ச இடத்துலயே திரும்ப அடிக்கலாம், ஒரு தடவை மை சரியா விழலன்னாலும் அதே இடத்துல இன்னொரு தடவை. இங்க வந்து சேர்றப்போ விலை ரொம்பவே ஏறிடுது, ஆரம்பத்துலயே இதை வாங்குங்கன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன். இதே மாதிரி விலை கம்மியா பிளாஸ்டிக்லயும் வருது, அதுல ஒண்ணு வாங்கிப் பாக்கப் போறேன். மரக் கைப்பிடி வச்ச ஸ்டாம்ப் இதுக்குள்ள அடங்காதுங்கறதால, ரப்பர் ஸ்டாம்ப் கடைல அடுத்து குடுக்கப் போற 'நன்றி' ஸ்டாம்புக்கு கைப்பிடி வேண்டாம், வெட்டின ரப்பரை மட்டும் குடுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன், அவரும் சரின்னுட்டார், விலையும் கொஞ்சம் குறைச்சுக்கறேன்னார். பிளாக்ல ஒட்டறதுக்கு டபுள் சைட் டேப் போதும்.